புக்கிட் தீமா காட்டுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து யாராவது வந்தால் மரீனா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா, முஸ்தபா என்று நான்கே நாளில் சிங்கப்பூர் தீர்ந்துபோகிறது. ஐந்தாம் நாள் எங்கே கூட்டிப்போவது? கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருந்தபோது நான் புக்கிட் தீமாவுக்குக் கூட்டிப்போனேன். "காட்டுக்கு ரயில்லயாடா போறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்று சரியாகத் திட்டமிடாததால் ஒரு பை இட்லி போயிற்று. அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி சுமார் 163 ஹெக்டேர். நடுவிலுள்ள குன்றின் உயரம் 163.63 மீட்டர். சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் இதுதான். இதைவிட உயரமான கட்டடங்கள் நகரத்தில் வரிசையாக நிற்கின்றன என்பது வேறு விஷயம். 1883லேயே காப்புக்காடாக ஒதுக்கிவிட்டதால், தீவின் மற்ற காடுகள் மிளகுக்கும், தோல் பதனிடப் பயன்படும் காம்பிர்ச் செடிக்கும், ரப்பருக்கும் பலியானபோதும் இங்கே கொஞ்சம் ஆதிக்காடு தப்பியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும்.

நாளும் நேரமும்

முடிந்தால் வாரநாள். சனி, ஞாயிறு காலையில் முதுகில் பாரம் சுமந்து மலையேற்றப் பயிற்சி செய்பவர்கள் முதல் தள்ளுவண்டிக் குழந்தைகள் வரை எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். வெயிலுக்கும் பிற்பகல் இடிமழைக்கும் முந்திக்கொள்ள, 7 மணிக்கே போய் நின்றுவிடுங்கள். ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து வரும் புயற்காற்று விடியற்காலையிலேயே கொட்டிவிடும். அதனால் கிளம்பும் முன் வானிலைச் செயலியில் மழை ரேடாரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மழைக்குக்கூடக் குடை பிடித்துக்கொள்ளலாம், இடி கேட்டால் விளையாட்டில்லை. மேலே ஏறாமல் திரும்பிவிடுங்கள்.

போகும் வழி

டௌன்டவுன் ரயில் பாதையில் பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்குங்கள். அப்பர் புக்கிட் தீமா சாலையோரமாக நடந்து ஹிண்டீட் டிரைவில் திரும்பினால், நிதானமாக நடந்தாலும் 20 நிமிடத்தில் வருகையாளர் நிலையம் வந்துவிடும். கழிவறை வேலையெல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். காரில் போகிறவர்கள் வார இறுதியில் நிறுத்த இடம் தேடித் தேடியே களைத்துவிடுவார்கள்.

பையில் என்ன?

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசுவிரட்டி, சின்னத் துண்டு, மழைச்சட்டை. காலில் மூடிய காலணி. "நம்ம பாட்டா செருப்பு போதும்டா" என்ற அப்பா, இறங்கும்போது ஈரச் சருகில் இரண்டு தடவை சறுக்கினார்.

சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இட்லியைச் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் ஆட்டிக்கொண்டு போனேன். ஏற்றம் தொடங்கிய இடத்திலேயே நீண்டவால் குரங்கு ஒன்று நேராக நடந்து வந்தது. பாய்ச்சலும் இல்லை, சத்தமும் இல்லை. வசூலுக்கு வந்தவர் மாதிரி பையைப் பிடித்து ஒரே இழு. பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி தடவியதை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டு, வெறும் இட்லியாகப் பொறுக்கித் தின்றது. பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். எனவே எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். எதிரே வந்தால் கண்ணோடு கண் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல், மெதுவாக விலகுங்கள். பாவம் என்று ஒரு வாழைப்பழம் நீட்டிவிடாதீர்கள். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

நாய்க்குட்டிக்கு அனுமதி இல்லை. இலை, பூ எதையும் பறிக்கக் கூடாது.

ஏறும்போது

வருகையாளர் நிலையத்திலிருந்து உச்சிக்குத் தார்ச்சாலை போகிறது. முதல் ஏற்றமே செங்குத்து. பழனிப் படி ஏறியவர்களுக்கு இது பெரிதில்லை, ஆனால் இங்கே காற்று நகராது. பத்தே நிமிடத்தில் சட்டை பிழியலாம். உச்சிக்குச் சற்று முன்னால் படிக்கட்டும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் சாலையிலேயே சுற்றிப் போகலாம். நிற்காமல் ஏறினால் அரை மணி நேரம். மேலே உயரம் பொறித்த பாறை ஒன்று இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாம். காட்சி? மரங்கள் மறைக்கின்றன. உச்சியை நம்பி வந்தவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள்.

ஆகவே என் யோசனை: உச்சிக்கு ஒரு மணி நேரம், வழியில் சும்மா நிற்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றால்தான் காடு கண்ணில் படும். பாதையோரம் பனையோலை மாதிரி இலையோடு ஒரு கொடி மரத்தைப் பிடித்து ஏறும். கிட்டே போய்ப் பாருங்கள், தொடாதீர்கள். தண்டு முழுக்க முள். நுனியில் சாட்டைபோல் நீளும் தண்டிலும் வளைந்த கொக்கிகள், அவற்றை மாட்டிமாட்டித்தான் வெளிச்சத்தை நோக்கி மேலே போகிறது. இதுதான் பிரம்பு. ரோத்தான் அடி, அதாவது பிரம்படி, வாங்கி வளர்ந்தவர்கள் அதன் மூலத்தை இங்கே தரிசிக்கலாம்.

அடுத்து மரத்தண்டுகளைக் கண்ணால் கீழிருந்து மேலாக நிதானமாகத் தடவுங்கள். பாசி படிந்த மரப்பட்டை கொஞ்சம் புடைத்திருப்பதுபோல் தெரிந்தால், அது கொலுகோவாக இருக்கலாம். பகலெல்லாம் தண்டோடு ஒட்டிக் கிடந்து, இரவில் தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பிராணி. இத்தனை தடவை போனதில் ஒரு தடவைதான் எனக்குக் கிடைத்தது, அதுவும் பக்கத்தில் நின்றவர் காட்டித்தான். துடுப்புவால் கரிச்சான் அவ்வளவு கஷ்டம் இல்லை, வாலில் இரண்டு கரண்டி தொங்க எதிரிலேயே பறக்கும்.

1854இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் இந்தப் பகுதியில்தான் வண்டு சேகரித்தார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 700 வகை. மரம் வெட்டுபவர்கள் விட்டுச்சென்ற பட்டையும் மரத்தூளுமே அவருக்கு அத்தனை வண்டுகளைக் கொடுத்தன. அப்போது இங்கே புலியும் இருந்தது.

இறங்கிய பிறகு

வயதானவர்களுக்கு ஏற்றம் வேண்டாம் என்றால், அடிவாரத்திலேயே ஹிண்டீட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. பழைய கருங்கல் குவாரியில் தண்ணீர் நிறைந்து, பின்னால் பாறைச்சுவர் நிற்கும். சிறிது தூரம்தான் நடை. நான் இப்போதெல்லாம் அம்மா, அத்தை வந்தால் நேரே இங்கேதான்.

அப்புறம், பையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த சட்டையோடு எம்ஆர்டி ரயிலின் குளிரில் உட்கார்ந்து, அப்பாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம்.