உணவுக்காடு வைக்கப் போகிறீர்களா? நான் வாங்கிய அடிகளைக் கொஞ்சம் கேளுங்கள்

போன மாதம் பக்கத்து ஊர்ப் பையன்கள், ஊராட்சி நிலத்தில் உணவுக்காடு, அதாவது பழமரமும் காயும் கிழங்கும் காடு போலக் கலந்து வளரும் தோட்டம், வைக்கப்போவதாகச் சொல்லி என்னை அழைத்துப்போனார்கள். கன்று நட வேண்டிய இடங்களில் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இரண்டடிகூட இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019இல் நான் வைத்த அதே புள்ளி.

பையைக் கிழித்துவிட்டு நடுங்கள், ஆடு நுழையாமல் வேலி போடுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வையுங்கள் என்பதையெல்லாம் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். அதை விட்டுவிடுகிறேன்.

நெருக்கி நடுவது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் பட்டுக்கோட்டைப் பகுதித் தென்னைகளை வாரிப்போட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு எதையாவது நட்டே தீர வேண்டும் என்ற வேகம் எல்லோருக்கும். அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்தது மியாவாக்கி முறை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு நாட்டு மரக்கன்றுகளை நெருக்கி நட்டு, வெளிச்சத்துக்காக அவற்றை முட்டி மோத வைத்து, சீக்கிரம் காடாக்கினார். காட்டுக்கு அது பொருந்தும். நாங்கள் நட்டதோ கொய்யா, சீத்தா, மா, நெல்லி.

பத்து சென்ட் இடம். பொக்லைன் வைத்து மூன்றடி தோண்டி, தென்னை நார்க்கழிவும் மாட்டெருவும் கலந்து நிரப்பி, 1,200 கன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய பணம் முழுவதும் அந்தக் குழிக்குள் போனது. முதல் வருடம் பச்சைச் சுவர் எழுப்பியது போல நின்றது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், நானும் நம்பிவிட்டேன்.

மூன்றாம் வருடம்தான் குட்டு வெளிப்பட்டது. கொய்யா பதினைந்து அடி உயரத்துக்கு ஒட்டடைக் கம்பு போல நின்றது. உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. கொய்யா பூப்பது புதுத் துளிரில். பக்கவாட்டில் வெயிலே படாத மரம் எங்கே துளிர்க்கும்? ஒரு கிளையை வளைத்துப் பார்த்தேன். இலையடி முழுக்க மாவுப்பூச்சி, விரலெல்லாம் பிசுபிசுப்பு. இன்னும் இரண்டடி உள்ளே போகலாம் என்றால் உடம்பு நுழையவில்லை. அந்த வருடம் மொத்தமாகப் பறித்தது ஓரத்து மரங்களிலிருந்து ஒரு கூடை.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. முப்பதடி இடைவெளியில் மாமரம் வைத்தால் ஐந்துகூட முழுதாக அடங்காது. இந்தக் கணக்கைப் போட ஒரு காகிதமும் ஐந்து நிமிடமும் போதும், நாங்கள் போடவில்லை. போட்டிருந்தால் இப்படி வந்திருக்கும்: ஓரமாக இரண்டு மா, இருபதடிக்கு ஒரு கொய்யா, பதினைந்தடிக்கு ஒரு சீத்தா. அவை வளரும்வரை இடையில் பப்பாளி, முருங்கை, அகத்தி. நிழல் விழுந்த பிறகு தரையில் சேம்பு, சேனை, மஞ்சள். வேலியில் கோவை, பிரண்டை. நட்ட அன்று பார்த்தால் பொட்டலாகத்தான் தெரியும். படம் எடுக்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, நெருக்கம் குறைய வெட்டிக் கலைத்துவிடலாம் என்று போனால், ஒவ்வொரு கன்றிலும் ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயர் எழுதிய தகரத் துண்டு தொங்கியது. அது என் யோசனைதான். அரிவாளோடு நின்றபோது ஒரு அம்மா வந்து, “என் பேத்தி மரத்தில் கை வைக்காதே தம்பி” என்று மறித்துக்கொண்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பேச்சிலேயே போனது. கடைசியில் இருபத்திரண்டு மரங்களை விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டினோம். விறகுக்குக்கூடத் தேறவில்லை. மிஞ்சிய கொய்யாவை இடுப்பளவுக்கு வெட்டிக் கவாத்து செய்தோம், துளிர்த்துக்கொண்டது. மா இன்றுவரை தேறவில்லை.

வாய்மொழிச் சம்மதம்

எங்களுக்கு இடம் கிடைத்தபோது ஊராட்சி, தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல், அரசு வைத்த தனி அலுவலர் பொறுப்பில் இருந்தது. 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் பேச்சு எதுவும் தெரியாது; தண்ணீர்த் தொட்டி கட்ட அதே இடத்தை அளக்க வந்துவிட்டார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை கூடும் நாள்கள் ஊருக்கே தெரியும். தீர்மானம் போட்டு நகலைக் கையில் வாங்கிய பிறகு கடப்பாரையைத் தொடுங்கள்.

ஒட்டு மாங்கன்று

ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே, வேருக்காக வைத்த வேறு மாங்கன்றிலிருந்து வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுதான் மரமாகும். பங்கனப்பள்ளி என்று காசு கொடுத்து வாங்கியது போய்விடும்.

பிஞ்சைப் பறிக்கும் பிள்ளைகள்

துரத்தாதீர்கள்.

ஜூன் 5

எங்கள் பக்கம் மழை ஐப்பசியில், அதனால் ஜூனில் கன்று நடாதீர்கள். சுற்றுச்சூழல் தினம் கொண்டாடியே ஆக வேண்டுமென்றால் அன்று குழி மட்டும் வெட்டி ஆற விடுங்கள். பக்கத்து ஊர்ப் பையன்களிடமும் இதைச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். புள்ளிகளையும் அழித்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறார்கள். நேற்று போய் அளந்தேன்: எட்டடி. இன்னொரு தடவை போக வேண்டும்.