ஹெவிவெயிட் பட்டம் யாருக்கு? எங்கள் கொட்டகை நோட்டில் உள்ள தப்புக் கணக்குகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் பெரிய மாமா வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டப் போட்டி வந்தால் அதில் ஒரு பக்கம் திறக்கும். அவரவர் பெயர், யார் ஜெயிப்பார், எந்த ரவுண்டில், அவ்வளவுதான் எழுத வேண்டும். முன்பு ஆளுக்குப் பத்து ரேண்ட், இப்போது ஐம்பது. 2001 ஏப்ரல் 22 என்று தேதி போட்ட பக்கத்தில் ஒன்பது பேர் எழுதியிருக்கிறோம். ஒன்பது பேரும் எழுதியது அப்போதைய சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ்.

அந்தச் சண்டை நம் நாட்டிலேயே, ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய பிராக்பனில், கார்னிவல் சிட்டியில் நடந்தது. அமெரிக்க டிவிக்கு வசதியாக விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வைத்திருந்தார்கள். ஐந்தாவது ரவுண்டில் கயிற்றோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்த லூயிஸ் மீது எதிராளி ஹாசிம் ரஹ்மானின் வலது கை ஒரே ஒரு தடவை இறங்கியது. லூயிஸ் மல்லாந்துவிட்டார். எங்களில் யாரும் ஜெயிக்காததால் தொண்ணூறு ரேண்டும் மிஞ்சியது. அதற்கு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) வாங்கிச் சாப்பிட்டோம்.

அதை அதிர்ஷ்டக் குத்து என்று பல வருடம் சொல்லித் திரிந்தோம். ஆனால் அறிகுறி எல்லாம் முன்கூட்டியே கண்ணெதிரில் இருந்தது. லூயிஸ் எடை மேடையில் 253 பவுண்டைத் தாண்டினார். அதுவரை அவர் அவ்வளவு எடையோடு ரிங்குக்குள் இறங்கியதே இல்லை. ஹாலிவுட் படம் ஒன்றில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாகத்தான் இங்கே வந்து சேர்ந்தார். ரஹ்மானோ பல வாரம் முன்பே வந்து, கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள அந்த மெல்லிய காற்றுக்கு மூச்சைப் பழக்கியிருந்தார். நாங்கள் கடலோரத்து ஆட்கள். ஜோபர்க்கில் சொந்தக்காரர் வீட்டு மாடிப்படி ஏறினாலே எங்களுக்கு மூச்சு வாங்கும். அது தெரிந்தும், ஒன்பது பேரில் ஒருவர்கூட அதை லூயிஸோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நாங்கள் நோட்டில் எழுதியது 1999இல் ஹோலிஃபீல்டை வென்ற லூயிஸை. ரிங்குக்கு வந்தது வேறு லூயிஸ். இருபது வருடத்துக்கு மேலாக எழுதிய பக்கங்களைப் புரட்டும்போது, பாதிக்கு மேற்பட்ட தப்புகள் இந்த ஒரு வேரிலிருந்துதான் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு ரிங்கில் ஏறப்போகிறவரை விட்டுவிட்டு, நம் நினைவில் நிற்கிறவரைக் கணிக்கிறோம்.

இதே தப்பு தலைகீழாகவும் நடக்கும். அதே வருடம் நவம்பர் 17ஆம் தேதி லாஸ் வேகாஸில் மறுபோட்டி. கொட்டகையில் பாதிப் பேர் ரஹ்மானுக்கு எழுதினார்கள், ‘லூயிஸ் கதை முடிந்தது’ என்று. ஒழுங்காகத் தயாராகி வந்த லூயிஸ் நான்காவது ரவுண்டில் ரஹ்மானைப் படுக்க வைத்தார். கடைசியாகப் பார்த்த சண்டை கண்ணில் ஒட்டிக்கொண்டு, அதற்கு முந்தைய பத்து வருடத்தை மறைத்துவிடுகிறது. 2019இலும் அப்படித்தான். ஜூன் மாதம் மாற்று ஆளாக வந்த ஆண்டி ரூயிஸ், சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவை நான்கு தடவை தரையில் தள்ளி ஏழாவது ரவுண்டில் முடித்தார். ஆறு மாதத்தில் சவூதியில் மறுபோட்டி வந்தது. அதற்குள் ரூயிஸ் 268 பவுண்டிலிருந்து 283க்கு ஏறியிருந்தார், ஜோஷுவா பத்துப் பவுண்டு குறைத்திருந்தார். எடை பார்த்த அன்று சாயங்காலமே நோட்டில் அடித்துத் திருத்தியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. ஜோஷுவா பன்னிரண்டு ரவுண்டும் தள்ளியே நின்று ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டுப் புள்ளியில் ஜெயித்தார்.

மற்றப் பிரிவுகளில் எடை பார்ப்பது ஒரு வரம்புக்குள் அடங்குவதற்கு. ஹெவிவெயிட்டில் 200 பவுண்டுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் கேள்வி இல்லை. அதனால் அந்த எண்ணை யாரும் மதிப்பதில்லை. ஆனால் பயிற்சி முகாமில் என்ன நடந்தது என்று வெளியே தெரிகிற ஒரே நேர்மையான செய்தி அதுதான். ‘ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) விழுந்தாராம்’, ‘கையில் காயமாம்’ என்று வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் தள்ளிவிட்டு இதைப் பாருங்கள். எடை கூடினால் கெட்டது, குறைந்தால் நல்லது என்று கணக்குப் போடவும் கூடாது. ஒரு வீரர் தன்னுடைய நல்ல சண்டைகளில் எவ்வளவு இருந்தார், இப்போது எவ்வளவு, என்ன திட்டத்துக்காக மாற்றினார் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது சாதனைப் பட்டியல். முப்பது சண்டை, முப்பது வெற்றி, இருபத்தெட்டு நாக்அவுட் என்று திரையில் காட்டும்போது எல்லோருக்கும் வாய் பிளந்துவிடும். அந்த இருபத்தெட்டுப் பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், ஒரு வாரம் முன்பு கூப்பிட்டு வந்தவர்கள் என்று பட்டியல் நீளும். டியோன்டே வைல்டர் 2018 டிசம்பரில் டைசன் ஃபியூரியைச் சந்தித்தபோது 40 வெற்றி, அதில் 39 நாக்அவுட். அந்தக் கையின் பலம் பொய்யில்லை, ஃபியூரியை இரண்டு தடவை விழவைத்தது. ஆனால் பன்னிரண்டாவது ரவுண்டில் விழுந்த ஃபியூரி எழுந்து நின்றார், சண்டை சமனில் முடிந்தது. அவர்கள் இருவரும் மோதிய அடுத்த இரண்டு சண்டையிலும் வைல்டர்தான் நாக்அவுட் ஆனார். நாக்அவுட் சதவீதம் குத்தியவரின் கதையை மட்டும்தான் சொல்கிறது. எழுந்து நிற்கத் தெரிந்தவர்களை அவர் எத்தனை தடவை சந்தித்தார் என்பதை அது சொல்லாது.

‘அ, ஆவை ஜெயித்தார், ஆ, இயை ஜெயித்தார், அப்போ அ, இயை ஜெயிப்பார்’ என்கிற கணக்கு கொட்டகையில் எங்கள் சின்னத் தம்பி ஒருவனுக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளிக்கூடக் கணக்கில் அது சரி. 1971இல் ஜோ ஃப்ரேசியர் முகமது அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை தரையில் போட்டார். 1973இல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்த கென் நார்டனையும் அடுத்த வருடம் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் முடித்தார். இந்தக் கணக்குப்படி 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி உயிரோடு வெளியே வந்தாலே ஆச்சரியம். எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். முன்னால் வருகிறவனை அடித்து நொறுக்க அவருக்குத் தெரியும். கயிற்றில் சாய்ந்து அடியைக் கைகளிலும் தோளிலும் வாங்கிக்கொண்டு அவரையே களைக்க வைக்கிற ஆளை என்ன செய்வது என்று தெரியவில்லை. யார் பலசாலி என்று கேட்பதைவிட, இவருடைய பாணி அவருடைய பாணிக்கு என்ன செய்யும் என்று கேட்டால் பாதி வேலை முடியும். இடதுகைக்காரர் எதிரில் நின்றால் முன்னங்கால் எங்கே வைக்கிறார், உயரமானவரோடு மோதும்போது தூரத்தை எப்படிக் கடக்கிறார், ஆறாவது ரவுண்டுக்கு அப்புறம் கை இறங்குகிறதா என்பதற்குப் பழைய சண்டை மூன்று பார்த்தால் போதும். சுருக்கித் தரும் இரண்டு நிமிட வீடியோவில் இதெல்லாம் இருக்காது. அதில் விழுவது மட்டும்தான் இருக்கும்.

இனி நம் ஊர் ஆள் என்கிற பாசத்துக்கு வருகிறேன். இதில் எனக்கே கை சுட்டிருக்கிறது.

2022 டிசம்பர் 3, சனிக்கிழமை ராத்திரி. லண்டனில் ஃபியூரி, சிசோரா சண்டைக்கு முன்பு டேனியல் டுபுவாவும் நம் கெவின் லெரீனாவும் மோதினார்கள். கொட்டகையில் பிராய் (கறி சுடும்) அடுப்புக் கனல் இன்னும் அணையவில்லை. நான் லெரீனாவுக்கு எழுதியிருந்தேன், நியாயமான காரணம் ஒன்றும் கிடையாது. முதல் ரவுண்டிலேயே டுபுவா ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை கீழே போனார். முழங்கால் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் மைத்துனர் கையில் இருந்த கறித்துண்டோடு கத்தினார். நான் ஏற்கெனவே அந்தப் பணத்தை மனசில் செலவு செய்துவிட்டேன். இரண்டாவது ரவுண்டில் லெரீனா விரட்டிப் பிடிக்கவில்லை, காத்திருந்தார். மூன்றாவது ரவுண்டில் டுபுவா வலது கையைப் போட்டார், முடிந்தது. கொட்டகையில் யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் உள்ளேயிருந்து, “என்னா, முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

ஹெவிவெயிட்டுக்குக் கீழ்ப் பிரிவான க்ரூஸர்வெயிட்டிலிருந்து மேலே வந்த லெரீனாவின் கை வேகத்தைப் பார்த்தேன். தன்னைவிடப் பெரிய ஆள் விழுந்து எழுந்து திருப்பி அடித்தால் அவர் உடம்பு தாங்குமா என்று பார்க்கவில்லை. அவர் நம் ஆள் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்கவே மனசு வரவில்லை.

இதற்குப் பயந்துகொண்டு நம் நாட்டு ஆள் ஜெயிக்கவே மாட்டார் என்று எழுதுவதும் அதே அளவு தப்பு. கெரி குட்சியா 1979இல் பிரிட்டோரியாவில் ஜான் டேட்டிடம் தோற்றார். 1980இல் சன் சிட்டியில் மைக் வீவரிடம் தோற்றார். இரண்டு வாய்ப்பும் போனவர் என்று ஒதுக்கப்பட்ட அவர்தான் 1983 செப்டம்பரில் ஒஹையோவில் மைக்கேல் டோக்ஸைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி, ஆப்பிரிக்காவின் முதல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அடுத்த வருடம் அவர் பட்டத்தை இழந்தது யாரிடம்? அதற்கு முந்தைய இரண்டு சண்டையிலும் தோற்றிருந்த கிரெக் பேஜிடம்! கோரி சாண்டர்ஸ் 2003 மார்ச்சில் ஜெர்மனிக்குப் போனபோது அவருக்கு 37 வயது, கோல்ஃபில்தான் அதிக நாட்டம் என்று பேச்சு. விளாடிமிர் கிளிச்கோவை இரண்டாவது ரவுண்டு தொடங்கிய கையோடு முடித்துவிட்டார். அன்று ‘கிளிச்கோவுக்குக் கண்ணாடித் தாடை, அடி தாங்காது’ என்று எழுதியவர்கள் எங்கள் நோட்டிலும் உண்டு. அதே கிளிச்கோ 2006இலிருந்து 2015 வரை பட்டத்தை விடவே இல்லை.

புள்ளி விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. ஒரு தடவை விழுந்தால் எட்டு. மயிரிழையில் ஜெயித்த ரவுண்டும் அடித்துத் துவைத்த ரவுண்டும் தாளில் ஒரே மாதிரி பத்துக்கு ஒன்பதுதான். 2024 மே 18 ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக்கும் ஃபியூரியும் மோதிய சண்டையை எடுங்கள். உசிக்குக்கு ஒரு நடுவர் 115-112, இன்னொருவர் 114-113. மூன்றாமவர் ஃபியூரிக்கு 114-113. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் தள்ளாடியபோது ரெஃபரி எண்ணத் தொடங்கினார், அதற்கு ஒரு புள்ளி போனது. அந்த ஒரு புள்ளி போகாமலிருந்தால் உசிக்குக்கு 114-113 போட்டவரின் தாள் 114-114 ஆகி, சண்டையே சமனாகியிருக்கும். அதனால் ‘இவர்தான் ஜெயிப்பார்’ என்று எழுதும்போதே எப்படி என்றும் எழுதுங்கள். நாக்அவுட்டா, புள்ளியா? புள்ளி என்றால் பன்னிரண்டில் எந்த ஏழு ரவுண்டு அவர் பக்கம்? எண்ணிப் பார்த்து ஐந்துக்கு மேல் வரவில்லை என்றால், உங்கள் ஆளுக்கு நாக்அவுட்டைத் தவிர வழியில்லை.

ஆட்ஸ் பற்றிக் கொஞ்சம், அதாவது ஜெயித்தால் கட்டிய ஒரு ரேண்டுக்கு எவ்வளவு திரும்பும் என்கிற எண். கிரேவில் குதிரைப் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் இது, ஜூலை ரேஸ் அன்று ஆட்ஸ் படிக்கத் தெரியாத மாமாவே கிடையாது. ஆனால் குத்துச்சண்டைக்கு வந்ததும் அதே மாமா, 1.25 என்று பார்த்தால் ‘உறுதி’ என்கிறார். ஒன்றை 1.25ஆல் வகுத்தால் 80 சதவீதம். அதாவது இப்படிப்பட்ட சண்டை ஐந்து நடந்தால் ஒன்றில் அவர் தோற்பார். எதிராளிக்கு 4.00 போட்டிருந்தால் அது 25 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 105 வருகிறது. அந்த மேல் ஐந்து புக்கிக்கு (பந்தயம் பிடிப்பவருக்கு), அதனால் உண்மையான 80கூட இல்லை. 1990இல் டோக்கியோவில் மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் வீழ்த்திய அன்று லாஸ் வேகாஸில் டக்ளஸுக்கு 42க்கு 1 கொடுத்தார்கள். ஆட்ஸ் என்பது பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிற எண். பெரிய பெயருக்குப் பணம் எப்போதுமே கொஞ்சம் அதிகமாகத்தான் போகும்.

அப்புறம், எந்தப் பட்டம் என்று பாருங்கள். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று தனித்தனியாக உலகப் பட்டம் தரும் நான்கு அமைப்பு. இடைக்கால பெல்ட், முதன்மைப் பட்டத்துக்கு அடுத்த படியான ‘ரெகுலர்’ பெல்ட் என்று கிளைகளும் உண்டு. டுபுவா, லெரீனா மோதியது அந்த ‘ரெகுலர்’ பெல்ட்டுக்குத்தான்.

கடைசியாக, மணி அடிப்பதற்கு முன்பே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறுநாள் மாறிவிடும். போன மாதம் அடுத்த சண்டைக்குப் பக்கம் திறக்கும்போது, 2001இல் தான் ஒருவர்தான் ரஹ்மான் என்று சொன்னதாக மாமா எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார். நான் பழைய பக்கத்தைப் புரட்டி நீட்டினேன். முதல் வரியிலேயே அவர் பெயர், பக்கத்தில் ‘லூயிஸ், 3’. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது என் கையெழுத்தே இல்லையேப்பா” என்றார்.