தொலைந்த பேக்லிங்க்கை மீட்கப்போய் செய்யும் தவறுகள்

எஸ்இஓ, அதாவது தேடுபொறிகளில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலைக்குப் புதிதாக வருபவர்களின் ரிப்போர்ட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். பேக்லிங்க் (பிற தளங்கள் நம் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க்) எண்ணிக்கை இறங்கியதும், லிங்க்கைத் திரும்பப் போடச் சொல்லி எல்லோரும் மெயில் எழுதத்தான் உட்காருகிறார்கள். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்தோம். சின்னச் சின்ன கவனப்பிசகுகளை இங்கே சொல்லப்போவதில்லை, அவை பழகப் பழகச் சரியாகிவிடும். பழகினாலும் போகாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டூல் சொன்னதை அப்படியே நம்புவது

அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற பேக்லிங்க் டூல்கள் தங்கள் சொந்த கிராலரை (வலைப்பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் நிரலை) அனுப்பித்தான் கணக்கெடுக்கின்றன. அது போன நேரத்தில் லிங்க் கொடுத்த தளத்தின் சர்வர் படுத்திருந்தாலோ, அந்தத் தளம் கிராலரைத் தடுத்திருந்தாலோ, பத்திரமாக இருக்கும் லிங்க்கும் போனதாகக் காட்டக்கூடும். அதனால் லிங்க் இருந்த பக்கத்தைத் திறந்து, சோர்ஸில் (அதன் HTML நிரலில்) உங்கள் டொமைன் பெயரைத் தேடுங்கள்.

லிங்க்கை மட்டும் எடுத்திருக்கிறார்களா, பக்கமே போய்விட்டதா, பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கமே போயிருந்தால் அதன் பின்னால் அலைய வேண்டாம். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023க்குள் திறக்காமல் போயிருந்ததாக பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. வலையில் இது சகஜம். லிங்க் அங்கேயே இருந்து, அது போய்ச் சேரும் உங்கள் பக்கம் செத்திருந்தால் யாருக்கும் மெயில் தேவையில்லை. மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது.

பழைய முகவரிகளை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தளத்தைப் புதுப்பிக்கிறார்கள், முகவரி அமைப்பு மாறுகிறது, 'பக்கம் இல்லை' என்னும் 404 நூற்றுக்கணக்கில் வருகிறது. யாரோ ஒருவர் கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதுகிறார்: இல்லாத பக்கம் எதைக் கேட்டாலும் 301 (நிரந்தர ரீடைரக்ட், அதாவது வேறு முகவரிக்குத் திருப்புவது) போட்டு முகப்புக்கு அனுப்பு. மறுநாள் 404 பூஜ்யம். எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் கூகுள் இப்படிப்பட்ட திருப்பத்தைப் பெரும்பாலும் 'சாஃப்ட் 404', அதாவது உண்மையில் இல்லாத பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். கேட்ட பக்கத்துக்கும் கிடைத்த பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லாததால், பழைய பக்கத்துக்கு வந்த லிங்க்குகளின் பலன் முகப்புக்கும் சேராது.

சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றிய ஒரு தளத்தில் இதைக் கிட்டே இருந்து பார்த்தேன். எந்த கியருக்கு எந்தச் செயின் பொருந்தும் என்று ஓர் அட்டவணை அதில் இருந்தது. தளத்துக்கு வந்த நல்ல லிங்க்குகளில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்துக்குத்தான். புதுப்பித்தபோது பழையது என்று அதைத் தூக்கிவிட்டு, முகவரியை முகப்புக்குத் திருப்பியிருந்தார்கள். லிங்க் கொடுத்தவர்கள் எதேச்சையாக கிளிக் செய்து பார்த்தால் அட்டவணை இல்லை, நிறுவன விளம்பரம் இருக்கிறது. ஒவ்வொருவராக லிங்க்கை எடுத்துவிட்டு வேறொரு தளத்தின் அட்டவணைக்கு மாற்றினார்கள். 404 வந்திருந்தால் அவர்களுடைய லிங்க் செக்கராவது எச்சரித்திருக்கும், நம் பக்கமும் உடனே தெரிந்திருக்கும். அந்த ஒரு வரி புண்ணை மூடி மறைத்துவிட்டது.

மீட்ட விதம் இதுதான். பழைய சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்), சர்வர் லாக் (யார் எந்தப் பக்கம் கேட்டார்கள் என்ற பதிவு), பேக்லிங்க் டூலின் எக்ஸ்போர்ட் மூன்றையும் சேர்த்துப் பழைய முகவரிகளின் பட்டியல் எடுத்தோம். லிங்க் அதிகமுள்ளவற்றை மேலே வைத்தோம். அட்டவணையில் என்ன இருந்தது என்பதை, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்த்து, புதிய அளவுகளையும் சேர்த்து மறுபடி எழுதி, பழைய முகவரியிலிருந்து நேராக அதற்கே 301 கொடுத்தோம். ஈடான பக்கம் இல்லாதவற்றை 404ஆகவே விட்டோம். அதில் தவறே இல்லை. மாறாமல் இருந்த லிங்க்குகள் பலன் தர ஆரம்பித்தன. வேறு தளத்துக்கு மாறியவற்றில் பாதிகூடத் திரும்பவில்லை.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பட்டியலில் ஒரு முகவரி தமிழ் எழுத்தாகவும் அதே முகவரி இன்னோர் இடத்தில் %E0%AE என்று நீளமாகவும் இருக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு இரண்டும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

வேர்ட்பிரஸ் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

ஒரு பதிவின் ஸ்லக்கை (முகவரியில் அந்தப் பதிவுக்கான பகுதி) மாற்றினால், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸே பழைய முகவரியைத் திருப்பிவிடும், உண்மைதான். பெர்மாலிங்க் அமைப்பையே (எல்லா முகவரிகளுக்குமான வடிவத்தை) மாற்றினால் எல்லாவற்றையும் பிடிக்காது. கையால் சோதியுங்கள்.

ரீடைரக்ட் மேல் ரீடைரக்ட்

பழையது, அதிலிருந்து நடுவில் ஒன்று, அப்புறம் புதியது என்று சங்கிலி நீள வேண்டாம். முதலிலிருந்து கடைசிக்கு நேராகக் கொடுங்கள்.

பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விடுவது

விட்டால் அதிலிருந்து வரும் எல்லா ரீடைரக்ட்டும் போச்சு. ரீடைரக்ட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

போனதற்கு ஈடாகக் காசு கொடுத்து வாங்குவது

வேண்டாம். கூகுளின் ஸ்பேம் கொள்கைக்கு விரோதம்.

'திரும்பப் போடுங்கள்' என்று மட்டும் எழுதும் மெயில்

லிங்க்கை வேண்டுமென்றே எடுத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் உங்கள் தகவல் பழசாகியிருக்கும், அல்லது அவர்கள் கட்டுரையை மாற்றி எழுதியிருப்பார்கள். அவர்கள் பக்கத்தை இப்போது ஒரு முறை முழுதாகப் படியுங்கள். உங்கள் பக்கத்தைச் சரிசெய்த பிறகு எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்தப் பத்தி, முன்பு என்ன லிங்க் இருந்தது, இப்போது உங்களிடம் புதிதாக என்ன இருக்கிறது. நாலு வரி போதும். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் எழுதாதீர்கள்.