வீட்டிலேயே சலவைத்தூள் செய்கிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சென்ற வாரம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தானே செய்த சலவைத்தூளை ஒரு டப்பாவில் கொண்டுவந்து காட்டினாள். துருவிய சோப்பு, சமையல் சோடா, கொஞ்சம் வாசனை எண்ணெய். "நல்லாத்தான் இருக்கு அத்தை, துண்டு மட்டும் மொடமொடன்னு ஆகிடுது" என்றாள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே கலவை, அதே தவறுகள்.

கையுறை போடு, குழந்தை கைக்கு எட்டாமல் வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உப்புத்தண்ணீரில் சோப்பு

இந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினநீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரிந்துவிடும். அது தண்ணீரோடு போகாது, துணி இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடையில் விற்கும் டிடர்ஜென்ட் வேறு வகைப் பொருள், அது இப்படித் திரிவதில்லை. "சோப்பும் டிடர்ஜென்ட்டும் ஒன்றுதானே" என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

எனக்கு ஆறு மாதம் புரியவில்லை. வெள்ளைத் துணி சாம்பல் நிறமானது. துவைத்துக் காய்ந்த துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், உறிஞ்சாமல் முத்தாக உருண்டு நின்றது. அழுக்குப் போகவில்லை என்று இன்னும் அதிகமாகத் தூளைப் போட்டேன், பிசுக்கும் அதிகமானது. வாஷிங் மெஷின்தான் கோளாறு என்று ஆளை வரவழைத்தால், அவர் டிரம்மைக் கழற்றி, பின்பக்கம் அப்பியிருந்த சாம்பல் நிறக் களிம்பை விரலால் வழித்துக் காட்டினார். "என்ன போட்டுத் துவைக்கிறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தது பிறகுதான். தண்ணீரின் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகக் கடினமான நீர் என்பார்கள். 300 இருந்தால், 40 லிட்டர் தண்ணீரில் உள்ள கடினத்தன்மை மட்டுமே ஏறக்குறைய 70 கிராம் சோப்பை விழுங்கிவிடும். அழுக்கு எடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான். நான் போட்டதோ இரண்டு மேசைக்கரண்டித் தூள். அதில் சோப்பு மூன்றில் ஒரு பங்கு!

சோதித்துப் பார்ப்பது சுலபம். மூடியுள்ள பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரணக் குளியல் சோப்பைச் சீவி நாலைந்து துணுக்குப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் சோப்புத்தூள் ஒத்துவரும். நுரையே எழாமல் பால்போல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால், சோப்பை மறந்துவிட்டு டிடர்ஜென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுத் தண்ணீரைக் குலுக்கினோம். மோர் மாதிரி இருந்தது.

சிலர் சலவை சோடா போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. சோடா கால்சியத்தைச் சுண்ணாம்புத்தூளாகப் பிரித்துவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் சோப்புதான் முந்திக்கொண்டு திரியும். சோடாவை முதலில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு அப்புறம் சோப்பு என்றால் கொஞ்சம் பரவாயில்லை. பிரிந்த சுண்ணாம்பும் துணியில்தான் படியும் என்பது வேறு விஷயம்.

சமையல் சோடா, சலவை சோடா

இரண்டும் ஒன்றல்ல. சமையல் சோடா மென்மையான காரம், எண்ணெய்ப் பிசுக்கை அசைக்காது. கையில் அதுதான் இருக்கிறது என்றால், தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள், சலவை சோடாவாகிவிடும். ஆகிவிட்டதா என்று தராசு சொல்லும்: 100 கிராம் வைத்தால் 63 கிராம் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும்.

சோடாவோடு வினிகர்

பொங்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்கின்றன, அவ்வளவுதான். கரைத்த சோப்பில் ஊற்றினாலோ அது திரிந்து கொழுப்பாகப் பிரிந்துவிடும். வினிகர் வேண்டுமென்றால் கடைசி அலசலில் மட்டும்.

ப்ளீச்சோடு வினிகர்

ஒருபோதும் கூடாது. குளோரின் வாயு வரும்.

நுரை

அழுக்கு போவதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. பாட்டில் சோதனையில் அது தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறது.

பட்டு, கம்பளி

இந்தத் தூளைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் புரத இழை, இதிலுள்ள காரம் அவற்றைக் கெடுத்துவிடும். என் கம்பளிச் சால்வை ஒன்று இப்படித்தான் முரடாகிச் சுருங்கி, இப்போது மெஷினுக்கு அடியில் மிதியடியாகக் கிடக்கிறது.