புதிய டீசல் காரின் உண்மையான மைலேஜை அளப்பதும் கூட்டுவதும்

ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு, மேனுவல் கியர் வகையில் லிட்டருக்கு 21.8 கிலோமீட்டர் என்றும், ஆட்டோமேட்டிக் வகையில் 19.1 கிலோமீட்டர் என்றும் 2024இல் அறிவிக்கப்பட்டது. அதே காரைச் சென்னைக்குள் காலையும் மாலையும் அலுவலகத்துக்கு ஓட்டுபவர் 13, 14 என்று சொல்வார். வார இறுதியில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்வருபவர் இருபதைத் தொட்டது என்பார். இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான ஓட்டத்தில் கிடைத்த எண். ஆகவே புதிதாக டீசல் கார் வாங்கியவர் "இந்த வண்டி எவ்வளவு கொடுக்கும்?" என்று பிறரிடம் கேட்பதைவிட, தம்முடைய சாலையில், தம்முடைய காலில் அது எவ்வளவு கொடுக்கிறது என்று தாமே அளந்துகொள்வதுதான் பயன் தரும்.

நிறுவனம் சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில், காரை உருளைகளின் மேல் நிறுத்தி, இந்திய ஓட்டுச் சுழற்சி எனப்படும் ஒரு வரையறுத்த முறைப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஓட்டம் 1,180 விநாடிகள் நீடிக்கிறது. கடக்கும் தூரம் 11 கிலோமீட்டருக்கும் குறைவு. உச்ச வேகம் 90 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரை ஒட்டியது. ஏ.சி. போடப்படுவதில்லை. எதிர்க்காற்று இல்லை, மேம்பாலம் இல்லை, குறுக்கே வரும் ஆட்டோ இல்லை. கிண்டியிலும் கோயம்பேட்டிலும் மாலை ஏழு மணிக்கு ஊர்ந்து செல்லும் காருக்கும் அந்த உருளை மேல் ஓடும் காருக்கும் ஒப்பீடே கிடையாது. அந்த எண் இரண்டு கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உங்கள் மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

அளக்கும் முறை

டேங்க் முதல் டேங்க் வரை அளப்பதே நம்பத்தக்க முறை. டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியாக்கி, முக்கால் டேங்காவது தீரும்வரை ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். 648 கிலோமீட்டர் ஓடிய பிறகு 40.5 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 16. கணக்கு எளிது, தவறு நேருவதெல்லாம் டீசல் போடும் பெட்ரோல் பங்கில்தான்.

டீசல் நுரைக்கும். நாசில் முதல் முறை "டக்" என்று நிற்கும்போது டேங்க் நிறைந்துவிட்டது என்று பொருளில்லை. பல சமயம் கழுத்துவரை ஏறிய நுரைதான் அதை நிறுத்தியிருக்கும். லாரிகளுக்கு வேகமாக ஊற்றும் பம்பில் இது இன்னும் அதிகம். ஊற்றுபவரிடம் சொல்லி, ஒரு நிமிடம் பொறுத்து நுரை அடங்கிய பிறகு, மெதுவாக இரண்டாவது முறை நிற்கும்வரை ஊற்றச் செய்து, அதோடு நிறுத்திவிட வேண்டும். ரூபாயை முழுத் தொகையாக்குவதற்காக மேலும் மேலும் சொட்டவிடுவது கணக்கைக் கெடுக்கும். அடுத்த முறையும் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், கார் அதே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். தரை சற்றுச் சாய்ந்திருந்தாலே டேங்கில் பிடிக்கும் அளவு மாறிவிடும். இந்த வகையில் ஒரு லிட்டர் முன்பின் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டர் நிரப்பியவருக்கு அது இரண்டரை சதவீதப் பிழை. 10 லிட்டர் மட்டும் நிரப்பி மைலேஜ் பார்ப்பவருக்கு அதுவே பத்து சதவீதப் பிழை. அரை டேங்கில் அளந்துவிட்டு வண்டியைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

"ரெண்டாயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு ஓடியது" என்று கணக்கு வைப்பதும் உதவாது. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறக்கூடியது. ரூபாயை வைத்துப் பார்த்தால் விலை ஏறியதா, வண்டி குடித்ததா என்று பிரித்தறிய முடியாது. லிட்டரைத்தான் எழுத வேண்டும். அளவில் சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு பங்கிலும் வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் ஊற்றிக் காட்டும்படி கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. விடியற்காலையில் போட்டால் டீசல் கெட்டியாக இருக்கும், லாபம் என்று சொல்வதை நம்பி அலாரம் வைத்து எழ வேண்டியதில்லை. பூமிக்கடியில் உள்ள தொட்டியின் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறுவதில்லை.

நான் காரின் டேஷ்போர்டில் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், எவ்விதமான ஓட்டம் என்று நான்கு பத்திகள். "எவ்விதமான ஓட்டம்" என்ற பத்திதான் பின்னால் மிகுதியாகப் பயன்படுகிறது. சராசரி எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு முறை 300 கிலோமீட்டரை லிட்டருக்கு 20 வீதமும், அடுத்த முறை 300 கிலோமீட்டரை 12 வீதமும் ஓட்டியிருந்தால், சராசரி 16 என்று எழுதத் தோன்றும். அது தவறு. முதலில் செலவானது 15 லிட்டர், பிறகு 25 லிட்டர். 600 கிலோமீட்டரை 40 லிட்டரால் வகுத்தால் கிடைப்பது 15. எப்போதும் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும்.

டேஷ்போர்டுத் திரை காட்டும் மைலேஜ் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மூன்று நான்கு டேங்குகளுக்கு இரண்டையும் அருகருகே எழுதினால், உங்கள் காரின் திரை எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு அது நல்ல கருவி. ஓடோமீட்டரையும் ஒரு முறை கைபேசியின் ஜி.பி.எஸ். தூரத்தோடு 50 கிலோமீட்டருக்காவது ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரிய டயர் மாற்றியவர்களின் காரில் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். அவர்களுடைய மைலேஜ் கணக்கு முழுவதும் அடிப்படையிலேயே பிசகியிருக்கும்.

முதல் ஐயாயிரம் கிலோமீட்டர்

புதிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு படிந்து பொருந்த நாள் எடுக்கும். முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரை ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்காமலும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பிடிக்காமலும் ஓட்டுவது நல்லது. மைலேஜ் நிலைபெற ஐயாயிரம் கிலோமீட்டராவது ஆகும். அதற்குமுன் கிடைக்கும் எண்ணை எழுதி வையுங்கள். ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஓட்டும் விதம்

இன்றைய 1.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின்களின் இழுவிசை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முழுமையாக வந்துவிடுகிறது; ஏறத்தாழ 2,750 வரை அப்படியே நிற்கிறது. பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் 3,000 வரை இழுத்துவிட்டுக் கியர் மாற்றுகிறார்கள். டீசலில் அது வீண். 2,000ஐ ஒட்டிய இடத்தில் கியரை மாற்றினால், அடுத்த கியரில், சுற்றைக் காட்டும் முள் 1,400, 1,500இல் வந்து நிற்கும். எஞ்சின் தடுமாறாமல் இழுக்கும். எதிர்த்தவறும் உண்டு. மைலேஜ் வேண்டும் என்று நான்காவது கியரிலேயே 1,100 சுற்றில் வேகத்தடை ஏறி இறங்குபவர்கள், எஞ்சின் அதிர்ந்து நடுங்குவதைப் பொருட்படுத்துவதில்லை. அங்கே எரிபொருள் முழுதாக எரியாமல் கரி சேர்கிறது, கிளட்சுப் பகுதியும் அடி வாங்குகிறது. மிச்சப்படுவதாக நினைத்தது வேறு வழியில் போய்விடுகிறது.

நெடுஞ்சாலையில் மைலேஜைத் தீர்மானிப்பது வேகம் ஒன்றுதான் என்றே சொல்லலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 90இல் செல்வதைவிட 110இல் செல்லும்போது அந்த எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 200 கிலோமீட்டர் தூரத்தில் இந்த வேகத்தால் மிச்சமாகும் நேரம் 24 நிமிடம், அதுவும் எங்குமே நிற்காமல் போனால். ஆறாவது கியரில் 85, 90 என்று சீராகப் போகும் டீசல் காரில் முள் 2,000க்குக் கீழேயே நிற்கும். அந்த நிலையில்தான் அது நிறுவனம் சொன்ன எண்ணுக்கு அருகில் வருகிறது. கூரையில் கேரியர் மாட்டியிருந்தால், சாமான் ஏற்றாத நாட்களில் கழற்றிவிடுங்கள்.

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது நியூட்ரல். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற எண்ணம் பழைய வண்டிகளின் காலத்திலிருந்து தொடர்கிறது. இப்போதைய எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் இன்ஜெக்டர்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக டீசல் எரிந்துகொண்டே இருக்கும். செலவும் கூடுகிறது, எஞ்சின் பிரேக்கும் போய்விடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். சமவெளியிலும் இதே பலன் உண்டு: பரனூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகள் தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்து, காரைக் கியரிலேயே உருளவிட்டால், அந்த அரைக் கிலோமீட்டர் டீசல் செலவில்லாத தூரம். கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பவர் அதே தூரத்துக்கு டீசல் கொடுத்துவிட்டு, அதைப் பிரேக் சூடாக மாற்றுகிறார்.

நின்றுகொண்டிருக்கும் எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கும். பள்ளி வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு தினமும் அரை மணி நேரம் காத்திருப்பவருக்கு, 25 நாளில் ஆறு முதல் ஒன்பது லிட்டர் நின்ற இடத்திலேயே போகிறது. மைலேஜ் குறைகிறது என்று வருந்தும் நகரவாசிகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

கரி வடிகட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைபோக்கிப் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை, அதில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகக் கார் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுகிறது. பத்து முதல் இருபது நிமிடம் இது நடக்கும். அப்போது மைலேஜ் திடீரென இறங்கும். சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக 800இல் நிற்கும் முள் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். இறங்கும்போது ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். காரின் பின்பக்கம் காய்ந்த உலோக வாடை அடிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால், செலவான டீசல் வீணாகும். அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

ஒரு முறை மூன்று வாரங்கள் தாம்பரத்துக்குள்ளேயே மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டங்களாக மட்டும் காரை எடுத்தேன். 16 என்று இருந்த எண் அந்த டேங்கில் 13க்கு வந்தது, பிறகு டி.பி.எஃப். விளக்கும் எரிந்தது. ஞாயிறு காலை செங்கல்பட்டு வரை நான்காவது, ஐந்தாவது கியரில் 2,000 சுற்றுக்கு மேல் வைத்து ஓட்டித் திரும்பியபோது, மறைமலைநகரைத் தாண்டுவதற்குள் விளக்கு அணைந்தது. அன்றிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறையாவது அரை மணி நேர நெடுஞ்சாலை ஓட்டத்தை விடுவதில்லை. நாள்தோறும் ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டுமே ஓட்டுபவருக்கு டீசல் கார் பொருந்தாது என்பதை, வாங்குவதற்கு முன்பே யாராவது அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆயில் மாற்றும்போதும் கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் வகையையே, பெரும்பாலும் சி3 தரத்தில், கேட்டு ஊற்றுங்கள். சாதாரண ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கினால் எரிந்து போகாது.

டயரும், மற்றவையும்

காற்று அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு என்று எழுதியிருக்கும். கடைக்காரர் வழக்கமாக வைக்கும் எண் அல்ல, அந்தத் தாளில் உள்ள எண்ணே சரி. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின் டயருக்குக் கூடுதலாக வேறொரு எண் அதில் இருக்கும்.

ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்தும், இவ்வளவும் செய்தும், உங்கள் நோட்டில் எண் ஏறவில்லை என்றால், சர்வீஸ் மையத்துக்கு அந்த நோட்டோடு செல்லுங்கள். "மைலேஜ் வரலை" என்று வாயால் சொல்வதற்கும், ஆறு டேங்கின் லிட்டரும் கிலோமீட்டரும் எழுதிய தாளைக் காட்டுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. ஸ்கேனரில் டி.பி.எஃபில் எவ்வளவு கரி நிற்கிறது, கடைசியாக எப்போது எரிந்தது என்று காட்டச் சொல்லுங்கள். போவதற்கு முன் நீங்களே ஒன்று பார்க்கலாம்: அதிகம் பிரேக் போடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி, காரை மெதுவாக உருண்டு நிற்கவிட்டு, இறங்கி நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக அடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.