ஏற்காட்டு இறக்கமும் பழைய சைக்கிளின் பிரேக் கட்டையும்

என்னுடையது 14 வருடப் பழைய எம்.டி.பி. (மவுன்டன் பைக்) சைக்கிள். டிஸ்க் பிரேக் எல்லாம் கிடையாது, ரிம்மின் இரண்டு பக்கமும் கட்டை வந்து கவ்வுகிற வி-பிரேக்தான். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்க எனக்கு அது போதும். போன ஐப்பசியில் தூறலோடு இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதுமே முன்பிரேக் லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டிவிட்டது. மீதி மலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினேன். ஒரு கடையில் காட்டினால், "மொத்த செட்டையும் மாத்திடுங்க சார்" என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன். போயிருந்தது கட்டைகளும் ஒரு ஒயரும்தான். இரண்டு ஜோடி கட்டை, ஒரு ஒயர் எல்லாம் சேர்த்து 320 ரூபாய் ஆனது.

கட்டையைத் தொடுவதற்கு முன் ரிம்மைப் பாருங்கள். பிரேக்கில் பாதி ரிம்தான். கட்டை உரசுகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்கேலைக் குறுக்காக வைத்தால், அடியில் வெளிச்சம் தெரியக்கூடாது. நடுவில் குழி விழுந்திருந்தால் உலோகம் தேய்ந்து மெலிந்துவிட்டது என்று அர்த்தம். காற்றழுத்தத்தில் ரிம் பிளந்துகொள்ளலாம். அந்த இடத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள், ரிம்மையே மாற்றிவிடுங்கள். சக்கரம் சுற்றும்போது இடமும் வலமும் ஆடினால் முதலில் பெண்டு எடுக்க வேண்டும். ஆடுகிற சக்கரத்துக்கு எந்தப் பிரேக்கையும் ஒழுங்காக வைக்க முடியாது.

ரிம் நன்றாக இருந்தால், பாத்திரம் துலக்கும் பச்சை நாரும் சோப்புத் தண்ணீரும் போட்டு அந்தக் கருப்பு மசி போகும்வரை தேய்த்துக் காய விடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூட அதில் படக்கூடாது. கிறீச் சத்தம் போக எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காது.

அடுத்து கட்டை. 5 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்று இருந்தால் கழற்றிவிடலாம். கழற்றும் முன் வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழிந்ததும் குவிந்ததுமாக ஜோடி ஜோடியாக இருக்கும், ஒரு ஜோடி தடிமன், இன்னொன்று மெலிசு. கட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். என்னுடையதில் ரப்பருக்குள் மினுக் மினுக்கென்று கடுகைவிடச் சின்னதாக ஏழெட்டு அலுமினியத் துகள்கள் பதிந்திருந்தன. மழையில் ரிம்மிலிருந்து உரிந்து வருபவை அவை. திரும்ப ரிம்மையே அரம் போல அறுக்கும். கட்டையின் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருந்தால், துகள்களைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து அதே கட்டையைத் திரும்ப மாட்டலாம். செலவே இல்லை. பள்ளம் மறைந்திருந்தாலோ ரப்பர் கல் போல இறுகியிருந்தாலோ புதிது வாங்குங்கள். கடையில் 'வி-பிரேக் கட்டை' என்று கேட்டால் போதும்.

மாட்டும்போது கட்டையில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கட்டை முழுவதும் ரிம்மின் மேலேயே உட்கார வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுத்துவிடும், கீழே இறங்கினால் ஆரக்கால் பக்கம் நழுவும். இனிமேல்தான் பொறுமை வேண்டிய வேலை. பழைய விசிட்டிங் கார்டு ஒன்றை மடித்து, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகுங்கள். லீவரை இறுக்கிப் பிடித்தபடியே போல்ட்டை டைட் செய்து, அப்புறம் கார்டை உருவுங்கள். இப்போது கட்டையின் முன்முனை ஒரு நூல் அளவு முந்தி ரிம்மைத் தொடும். கிறீச் சத்தம் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். நான் மூன்று தடவை அவிழ்த்து மாட்டிய பிறகுதான் சரியாக வந்தது.

ஒயரில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். எம்.டி.பி. ஒயரின் தலை சின்ன பீப்பாய் போல உருண்டையாக இருக்கும்; ரோடு பைக் (ரேஸ் சைக்கிள்) ஒயர் இந்த லீவரில் உட்காராது. கியர் ஒயர் இதைவிட மெலிசு, அதைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. போல்ட்டில் இறுக்கிய பிறகு, மிச்சத்தை வெட்டி நுனியில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டால் இழை பிரியாது.

ஒரு பக்கக் கட்டை மட்டும் ரிம்மோடு ஒட்டியே நின்றால், அந்தக் கட்டையைத் தாங்கும் பிரேக் கையின் அடியில் இருக்கும் சின்ன ஸ்குரூவைக் கால் சுற்று டைட் செய்யுங்கள். ஸ்பிரிங் விறைத்து அதை வெளியே இழுக்கும்.

கடைசியாக, நின்ற இடத்திலேயே லீவரை முழுப் பலத்தோடு 20 தடவை அழுத்துங்கள். புது ஒயர் கொஞ்சம் தளரும். திரும்ப இழுத்து டைட் வையுங்கள். முழுதாகப் பிடித்தாலும் லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். அப்புறம் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும்.

மலைக்குப் போகும் முன் நாலைந்து நாள் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். நான் அஸ்தம்பட்டிக்கும் கோரிமேட்டுக்கும் நடுவில்தான் ஓட்டினேன். மூன்றாம் நாள் ஒயர் மறுபடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து அந்த 5 மில்லிமீட்டர் கீ என் சீட்டுக்கு அடியில் இருக்கும் பையிலேயே இருக்கிறது.