தார், ஜிம்னி வாங்கியாச்சா? மண்பாதையில் இறக்கும் முன் இணையத்தில் பார்க்க வேண்டியவை

தார், ஜிம்னி மாதிரி நான்கு சக்கர இயக்க வண்டியை டெலிவரி எடுத்த வாரமே யூடியூப் உங்களுக்கு லிஃப்ட் கிட், ஸ்நோர்கெல், வின்ச் என்று வரிசையாகக் காட்ட ஆரம்பித்துவிடும். அதெல்லாம் அப்புறம். முதல் சில மாதங்களுக்குத் தேவையான அறிவு முழுக்க இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எதை முதலில் திறப்பது என்று தெரிந்தால் போதும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

படி 1: மேனுவலை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள்

தயாரிப்பாளரின் இணையதளத்திலோ ஆப்பிலோ ஓனர்ஸ் மேனுவல் இருக்கிறதா என்று தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் பிடிஎஃப் கேளுங்கள். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் மூன்று பகுதிகளையாவது படித்துவிடுங்கள்: நான்கு சக்கர இயக்கம், தண்ணீரில் இறங்கக்கூடிய ஆழம், இழுக்கும் கொக்கிகள்.

முதல் பகுதி ஏன் முக்கியம் என்றால், மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி இரண்டிலுமே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும், ஆனால் காய்ந்த சாலையில் டயர் வழுக்காது, அந்த முறுக்கம் முழுவதும் இரு அச்சுகளுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலும் ஷாஃப்ட்டுகள் மேலும்தான் ஏறும். அதனால் காய்ந்த சாலையில் 4 ஹெச் (நான்கு சக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலை) வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் கண்டிப்பாக வேண்டாம். மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுவதற்கான 4 எல்லுக்கு எந்த நிலையில் மாற்றுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மேனுவல் சொல்வதே சரி. செகண்ட் ஹேண்டில் தார் வாங்குபவர்களுக்கு இன்னொன்று: 2023 முதல் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தாரும் விற்பனையில் இருக்கிறது, கியர் லீவர் பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை என்று நிறுவனம் சொல்கிறது. அதை நம்பி ஓடுகிற தண்ணீரில் இறங்கக் கூடாது, முழங்கால் அளவு வேகமான நீரே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

படி 2: மீட்புப் பாடம்

மேனுவலுக்கு அடுத்து, இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேற்றில் சிக்குவதால் பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது, சிக்கிய வண்டியை இழுக்கும்போதுதான் ஆட்கள் சாகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகு, மீட்புப் பட்டைகளில் (சிக்கிய வண்டியை இழுக்கும், நீண்டு சுருங்கும் பட்டைகள்) எச்சரிக்கை அச்சிட்டே விற்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். அந்த அரசின் புராடக்ட் சேஃப்டி ஆஸ்திரேலியா இணையதளத்தில் 'ரிக்கவரி ஸ்ட்ராப்' என்று ஆங்கிலத்தில் தேடினால் விளக்கம் வரும். எளிய ஆங்கிலம்தான், அரை மணி நேரத்தில் படித்துவிடலாம்.

அதன் சாரம் இதுதான். பட்டையின் அறுபடும் திறன், இரண்டு வண்டிகளில் லேசானதன் மொத்த எடையைப் (ஆட்களும் சுமையும் சேர்த்து) போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்க வேண்டும். மொத்த எடை 2,000 கிலோ என்றால் 4,000 முதல் 6,000 கிலோ வரை. கடைக்காரர் "பத்து டன் தாங்கும் சார், இதையே எடுங்க" என்பார். ஜிம்னி போன்ற லேசான வண்டிக்கு அது சரியாக நீளாது, நீளாத பட்டை வெடுக்கென்று இழுத்து கொக்கியையே பிய்த்துவிடும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள், அது உடைந்தால் குண்டு மாதிரி பறந்து வரும். பழுதான வண்டியைச் சாலையில் கட்டியிழுக்கக் கொடுக்கும் திருகு வளையமும் இந்த மாதிரி இழுப்புக்கு ஆனதல்ல. வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும், அதுவும் இழுக்கும் திசையில் நிற்கவே கூடாது. நம் ஊரில் வண்டி சிக்கினால் ஊரே சுற்றி நிற்கும், அவர்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பாதிச் சிக்கல்களுக்கு இழுப்பே தேவைப்படாது, டயர் காற்றைக் குறைத்தாலே வண்டி வெளியே வந்துவிடும். மண்பாதையில் 20-25 பிஎஸ்ஐ, ஆழமான மணலில் 15-18 என்பது பலரும் பின்பற்றும் அளவு. திரும்பச் சாலைக்கு வந்ததும் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிவிட்டே வேகமெடுக்க வேண்டும். முதலில் வாங்க வேண்டிய பொருள் என்றால் கம்ப்ரசரும் பிரஷர் கேஜும்தான்.

படி 3: மேப்

ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் ஆப்கள் இரண்டில் ஒன்றைப் போட்டு, வீட்டு வைஃபையிலேயே தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கிவிடுங்கள். இரண்டுமே ஓபன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடம்) தரவில் ஓடுபவை, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அந்த வரைபடத்தில் மண்பாதைகளுக்கு கிரேடு 1 முதல் 5 வரை தரம் குறிக்கும் வழக்கம் உண்டு, 1 என்றால் கெட்டியான பாதை, 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். எல்லாப் பாதைக்கும் தரம் குறித்திருக்க மாட்டார்கள், அதனால் கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய படங்களையும் பாருங்கள், மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஓரளவு பிடிபடும். போகும்போது ஜிபிஎக்ஸ் தடத்தை (நீங்கள் வந்த வழியைச் சேமிக்கும் கோப்பு) பதிவு செய்துகொண்டே போனால், வழி தவறினாலும் வந்த வழியே திரும்பலாம்.

படி 4: அங்கே போகலாமா?

மேப்பில் கோடு இருப்பதால் மட்டும் அனுமதி இருப்பதாக ஆகாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டி பாய்வது வீடியோவில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்குள்ள குதிரைமொழித் தேரி காப்புக்காடு. கடற்கரையும் அப்படித்தான், ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி மணலுக்குள் முட்டையிடும் காலம், அந்த முட்டைகள் மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தெரிந்தவர் தோப்பு, தரிசு நிலம், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குவதே நல்லது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதென்றால் 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை அரசு இணையதளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனமான முன்பக்க பம்பர் மாட்டும் ஆசை இருந்தால், அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில், வண்டியில் செய்யும் மாற்றங்கள் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துவிடுங்கள். கிராஷ் கார்டுகள் (முன்பக்கம் தனியாக மாட்டும் இரும்புத் தடுப்புகள்) மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

படி 5: வானிலை

வானிலைத் துறையின் மௌசம் ஆப், மின்னலுக்கு தாமினி ஆப். மலையடிவாரம் என்றால் நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் மேலே மலையில் மழையா என்றும் பாருங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

படி 6: இனி வீடியோவும் மனிதர்களும்

இவ்வளவும் தெரிந்தபின் வீடியோ பார்த்தால் யார் உருப்படியாகச் சொல்கிறார் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். தடையைத் தாண்டும் முன் ஓட்டுநர் இறங்கி நடந்து பார்க்கிறாரா? டயர் அழுத்தம் எவ்வளவு என்று சொல்கிறாரா? பட்டையை எங்கே மாட்டினார் என்று காட்டுகிறாரா? மூன்றுக்கும் இல்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.

டீம்-பிஹெச்பி என்ற கார் ஆர்வலர்கள் தளத்தில் ஆஃப்-ரோடு பகுதியில் பல வருட உரையாடல்கள் குவிந்து கிடக்கின்றன, உங்கள் மாடலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். முறையாகக் கற்க விரும்பினால் மஹாராஷ்டிராவின் இகத்புரியில் மஹிந்திராவின் பயிற்சி மையம் இருக்கிறது, பயிற்சித் தேதிகளை அவர்கள் தளத்தில் பாருங்கள். யாரிடம் கேள்வி கேட்டாலும் மாடல், டயர் அளவு, காற்றழுத்தம், எந்த மாதிரி மண், எந்த கியரில் சிக்கியது என்று எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். "மணலில் வண்டி ஏறல, என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதில் எது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று பிரிக்க முடியாது.